ஸ்பிரிங் வைத்த சீட் பில்லர்

சைக்கிள் சீட்டுக்குக் கீழே ஒரு குழாய் இருக்கும். சீட்டைத் தாங்குகிற குழாய். சீட் பில்லர் என்போம். அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். இருக்கிறது என்றேன்.

அப்போது எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கம்பி உருட்டும் மில்லில் வேலை. அவளுக்கு மருந்து டப்பா கம்பெனியில் பேக்கிங். வீடு புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளி. காலையில் அவளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு புதுவாயல் கூட்ரோடு வரை மிதிப்பேன். அங்கே அவள் கம்பெனி வேன் வரும். அவளை அதில் ஏற்றிவிட்டு மில்லுக்குப் போவேன்.

சைக்கிள் கியர் வைத்தது. மலையில் ஓட்டுகிற ரகம். எங்கள் பக்கம் மலை ஏது. ஆனால் ரோடு அப்படி. வள்ளூரில் பவர் பிளான்ட் கட்டச் சவுடு மண் ஏற்றிப்போன டிப்பர் லாரிகள் ரோட்டைப் பிளந்து போட்டிருந்தன.

அந்த வருஷம் அவள் உண்டாகியிருந்தாள். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. கால் வேறு வீங்கிவிட்டது. ரொம்ப நடக்கவும் கூடாது, வண்டியில் குலுங்கவும் கூடாது என்று பொன்னேரி ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னார்கள். ஷேர் ஆட்டோ கேரியரை விட மோசம். வேலையை விடு என்றேன். கான்ட்ராக்ட் வேலை, விட்டால் திரும்பக் கிடைக்காது என்றாள். அதுவும் சரிதான்.

கூட்ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். பழவேற்காட்டுக்காரர். அந்த சைக்கிளையும் அவரிடம்தான் வாங்கினேன். குலுங்காமல் இருக்க ஏதாவது உண்டா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பில்லரைக் கொண்டுவந்தார்.

"ஃபாரின் சரக்கு நைனா. உள்ள ஸ்பிரிங்கு கீது. உக்காந்தா மெத்தை மாரி இருக்கும். ஓட்டிப் பாத்து சொல்லு. புடிக்கலன்னா திருப்பிக் குடு."

கையில் வாங்கிப் பார்த்தேன். பழைய பில்லரை விடக் கனம். கடைசல் சுத்தமாக இருந்தது. மேல் பாதியை அமுக்கினால் கீழே இறங்கி மெல்ல மேலே வந்தது. மாட்டினேன். மறுநாள் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். பள்ளம் வந்ததே எனக்குத் தெரியவில்லை. கூட்ரோட்டில் இறங்கி, எப்படி என்று கேட்டேன்.

"உனக்கு நல்லாத்தான் கீது. எனக்கு அதே கம்பிதான்யா."

ஸ்பிரிங் சீட்டுக்குக் கீழே. அவள் உட்காருவது கேரியரில். பாய்க்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஆம்பளை சீட்டில், பொம்பளை கேரியரில். வேறு மாதிரி யாரும் பார்த்ததில்லை.

"அப்ப நீ சீட்ல உக்காரு."

"நீ எங்க உக்காருவ?"

"நடப்பேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால்காரர் ஒருவரிடம் கேட்டு அகலமான பழைய சீட்டு ஒன்றை வாங்கி மாட்டி, அவள் ஏற வசதியாக உயரத்தை இறக்கி வைத்தேன். அவளை உடனே ஏற்ற மனசு வரவில்லை. அவள் கனத்துக்கு அரிசி மூட்டையைச் சீட்டில் கட்டினேன். மூட்டையின் தலையைக் குழித்து அதில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். முதல் பள்ளத்திலேயே பாதி கொட்டியது. ஸ்பிரிங் அசையவே இல்லை. தடித்த ஆளுக்கு வைத்த முறுக்கு அது. கழற்றினால் அடியில் ஒரு திருகு இருந்தது. தளர்த்தினேன். மறுபடி தண்ணீர். மறுபடி தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாபா, அரிசிக்கு ஊர்கோலமா?"

"ஆமா. நீயும் வா, மோளம் அடி."

திருகை ரொம்பத் தளர்த்தினால் மூட்டை ஆடியது. கொஞ்சம் முறுக்கினேன். மதியத்துக்குள் சொம்பு ததும்பியது, கொட்டவில்லை. அது போதும் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அப்படித்தான் போனோம். அவள் ஒருபக்கமாகச் சீட்டில் உட்கார்ந்து, பெடலில் கால் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொள்வாள். நான் ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் சீட்டின் பின்பக்கம் பிடித்து நடப்பேன். பள்ளம் வந்தால் பில்லர் கீச்சென்று ஒரு சத்தம் போடும். எண்ணெய் விட்டும் போகவில்லை. முன்னைவிடச் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது.

கூட்ரோட்டு டீக்கடையில் மில் ஆட்கள் நிற்பார்கள்.

"டேய், சாமி பொறப்பாடு வந்துடுச்சு."

நான் தலையைத் தூக்க மாட்டேன். அவள்தான் பதில் சொல்வாள்.

"சாமி பசியா கீது. ரெண்டு டீயும் பன்னும் குடுங்க."

வழியில் அவள் பேசிக்கொண்டே வருவாள். கம்பெனி கதை, அவள் அக்கா கதை. நான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். கேரியரில் வரும்போது காற்றில் அவள் பேச்சு பாதி கேட்காது. நடந்தபோதுதான் எல்லாம் கேட்டேன். வேன் போன பிறகு நான் ஏறி மிதிப்பேன். சீட்டு அவள் உட்கார்ந்த சூட்டோடு இருக்கும்.

பாய் கடையைத் தாண்டித்தான் தினமும் போவோம். அந்நேரத்துக்குக் கடை திறந்திருக்காது. சாயங்காலம் களைப்பில் நேராக வீடு. அதனால் ஓட்டிப் பார்த்துச் சொல்லு என்று பாய் கேட்டது அப்படியே நின்றுவிட்டது. மாசம் பல ஆன பிறகு ஒரு நாள் ஸ்வீட் டப்பாவோடு போனேன்.

"இன்னா நைனா, ஆளையே காணோம். எப்படி கீது?"

"பொண்ணு."

"நான் பில்லரைக் கேட்டேன்பா."

"அதுவும் நல்லாத்தான் கீது."

டப்பாவைத் திறந்து ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இப்போது அந்த ரோடு தார் போட்டு வழவழவென்று கிடக்கிறது. அவள் ஸ்கூட்டியில் போகிறாள். சைக்கிள் காயலான் கடைக்குப் போய்விட்டது. பில்லரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். உப்புக்காற்றில் ஸ்பிரிங் இறுகிவிட்டது. அமுக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை.