சேலத்தில் கேட்காத காற்று

என் மனைவி காதால் கேட்கும் கதைகளை எழுதி, தானே வாசித்துப் பதிவு செய்கிறாள். எங்கள் வீடு ஏற்காட்டில், தலைச்சோலை போகும் வழியில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே எந்நேரமும் காற்று ஊளையிடும். அதனால் பதிவுக்கு மட்டும் அவள் சேலத்தில் தங்கை வீட்டுக்கு இறங்கிவிடுவாள். இந்த முறை கதை மலையில் நடக்கிறது. காற்றுக்குத் தப்பி இறங்கியவள், காற்றுச் சத்தம் வேண்டுமென்று எனக்கு போன் செய்தாள்.

செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பதிவு செய்து அனுப்பினேன். அப்பளம் பொரிப்பது போலிருந்தது.

"நெட்டுல இனாமாவே கெடைக்குதுங்க. அதை எடுத்துக்கறேன். நீங்க செரமப்படாதீங்க."

எங்கள் வீட்டில் சிரமப்படாதீர்கள் என்றால், உங்களால் ஆகாது என்று பொருள். கிடாரையும் ஜெர்மன் மொழியையும் யோகாசனத்தையும் நான் இந்த ஒரு வார்த்தையோடுதான் வழியனுப்பியிருக்கிறேன். இதையும் அப்படி வழியனுப்புவதாயில்லை. அவள் கதையில் ஓரிடத்திலாவது என் கை பட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு. நானே செஞ்சு அனுப்பறேன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கதையை அனுப்பியாகணுங்க. பாத்துக்கங்க."

ஒன்றுமில்லாததிலிருந்து ஒலியைச் செய்யக் கணினியில் சிந்தசைசர் மென்பொருள்கள் உண்டு. எதில் கற்பது என்பதுதான் கேள்வி. முதலில் இருப்பதிலேயே பெரியதை இறக்கினேன். அதில் யாரோ செய்துவைத்த ஆயத்த ஒலிகள் மலை மலையாகக் கிடந்தன. விண்கலம் இறங்குவது, பேய் கொட்டாவி விடுவது என்று கேட்டுக்கொண்டே போனேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் 'அடுத்தது' என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். அழித்தேன். அடுத்ததில் திரையிலேயே ஒயர்களை இழுத்துப் பெட்டிகளை இணைக்க வேண்டும். ஒரு சத்தம் வந்தது. எந்த ஒயரால் வந்தது என்றும் தெரியவில்லை, எதைப் பிடுங்கினால் நிற்கும் என்றும் தெரியவில்லை. கணினியையே மூடினேன்.

மூன்றாவதில் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. இடப்பக்கம் ஒலி பிறக்கும், நடுவில் ஃபில்டர், வலப்பக்கம் ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதற்கான குமிழ்கள். பார்க்கத் தாலுகா ஆபீஸ் சுவர் நிறம். அழகில்லாத மாப்பிள்ளையைக் குணமானவர் என்பார்களே, அப்படி. ஆயத்த ஒலியைத் தொடுவதில்லை, ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் திருப்புவது என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன்.

வெறும் இரைச்சலை எடுத்து ஃபில்டர் வழியே விட்டேன். அது காப்பி வடிகட்டி போலத்தான்: கீச்சென்ற பகுதியைப் பிடித்துக்கொண்டு கனமானதைக் கீழே விடுகிறது. அந்தக் குமிழை மெல்ல ஏற்றி இறக்க ஓர் அலையை ஏவினேன். ஹெட்போனில் சில்வர் ஓக் மரங்கள் ஆடின. ஓடு தடதடத்தது. வியாழக்கிழமை பெருமையோடு அனுப்பினேன்.

"ஏனுங்க, ஃபைல் வந்துச்சு. காத்து வரலைங்க."

"சவுண்டைக் கூட்டிக் கேளும்மா."

"கூட்டியாச்சு. நொம்ப தூரத்துல கேஸ் லீக்காகற மாதிரி கேக்குது. தங்கச்சி அடுப்பைப் பாக்க ஓடிட்டா."

திரும்பிப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. என் ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் தாராளமாக உள்ளே விடும் வகை. நான் ரசித்தது நிஜக் காற்றை. அது வலுக்க வலுக்க, என்னுடையதுதான் அதிகமாகிவிட்டதென்று நினைத்துக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

"அந்த இனாம் காத்தையே…"

"நாளைக்குத்தானே வெள்ளிக்கிழமை?" என்றேன்.

காற்று நுழையாத இடம் இந்த மலையில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். டவுனில் காப்பித்தூளும் மிளகும் விற்கும் பாய் கடையின் பின்கட்டு. சுவரே தெரியாமல் காப்பி மூட்டைகள் அடுக்கியிருக்கும். காலையிலேயே கணினியோடு போய் நின்றேன்.

"ஏனுங்க சார், ஊட்டுல சண்டைங்களா?"

"இல்லைங்க பாய். கொஞ்சம் காத்து செய்யணும்."

"ஏற்காட்டுல வந்து காத்து செய்யறீங்களா? சரிதான். அடுத்து குளுரும் செஞ்சு விப்பீங்களாட்டம் இருக்குது. போங்க, ஜும்மாவுக்குக் கடை சாத்தற வரைக்கும் இருங்க. மூட்டை மேல மட்டும் ஏறாதீங்க."

சாக்குகளுக்கு நடுவே முதன்முறையாக என் காற்றை மட்டும் கேட்டேன். கேஸேதான். மச்சினியைக் குறை சொல்ல முடியாது. பழைய மென்பொருளாக இருந்தால் வேறு சத்தத்தைத் தேட ஓடியிருப்பேன். இதில் குற்றவாளி யாரென்று தெரிந்தது. ஃபில்டர் மிக மேலே இருந்தது. இறக்கினேன், கனம் வந்தது. இரைச்சலின் அளவைக் கூட்டினேன். கடிகாரம் பார்த்தது போல் ஒரே சீராக வீசியதைக் கலைக்க, வேகம் ஒவ்வாத இன்னோர் அலையைச் சேர்த்தேன்.

பாய் எட்டிப் பார்த்தார். ஹெட்போனை நீட்டினேன். கேட்டுவிட்டுத் தலைக்கு மேல் எரிந்த பல்பைப் பார்த்தார். "இந்தக் காத்து அடிச்சா கரண்டு போயிருமுங்களே."

கடை சாத்தும் நேரத்தில் அனுப்பினேன். வாசலில் நின்றிருந்தபோது போன் வந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா மொத சீனுக்கு ஆகாது. கதையில வர்றவ அப்ப குப்பனூர்ல பஸ்ஸுக்கு நிக்கறா. அடிவாரத்துல இப்புடியா அடிக்கும்? மேல வந்தப்புறம் வெச்சுக்கறேன்."

"அப்ப குப்பனூருக்கு?"

இனாம் என்ற சொல்லுக்காகக் காதைத் தயார் செய்துகொண்டேன்.

"சாயங்காலத்துக்குள்ள ஆகுமுங்களா?"

"ஆகும்."

தெருவில் நல்ல காற்று. பாய் தொழுகை முடிந்து கடையைத் திறக்கும்வரை ஒரு குமிழையும் தொடுவதில்லை என்று, கணினியை மூடியபடியே மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.