செயலாளரின் வேட்டியும் ஒரு ஹார்ன் ரிலேயும்

பசுமலைக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் லேபைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் செய்த ரிமோட் வண்டியைப் பற்றிப் பழைய மாணவர்கள் இன்றும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அது எங்கள் கல்லூரிச் செயலாளரின் வேட்டியை உருவிக்கொண்டு ஓடியது என்பதுவரை அவர்கள் சொல்வது உண்மை. ஏன் ஓடியது என்று சொல்வது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்தான்.

1. வண்டி

இன்று ரோபோ செய்ய எல்லாப் பாகமும் டப்பாவில் வருகிறது. நான் காளவாசல் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கினேன். ஒரு காரின் டைனமோவுக்கு பேட்டரி கொடுத்து மோட்டாராக ஓட்டினேன். ஸ்டியரிங்குக்கு லாரி வைப்பர் மோட்டார். சக்கரங்கள் குழந்தைகள் சைக்கிளுடையவை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பொம்மைப் படகின் ரேடியோ செட்டைப் பிடுங்கி ரிமோட் ஆக்கினேன். பட்டனை அழுத்தினால், காரில் ஹார்னை இயக்கும் சின்ன சுவிட்சான ஹார்ன் ரிலே சேரும், வண்டி ஓடும். விட்டால் ரிலே பிரியும், வண்டி நிற்கும்.

எனக்கு வேகப் பைத்தியம். பி.டி. மாஸ்டரின் சைக்கிளை முந்த வேண்டும் என்று டைனமோவின் கம்பிச் சுற்றையெல்லாம் மாற்றினேன். முந்தியது. ஆனால் பல முறை கிளம்பும்போதே ஃபியூஸ் போனது. ஆண்டு விழாவில் எல்லோர் முன்னாலும் அப்படி ஆனால் மானம் போகும் என்று, முதல் நாள் ஃபியூஸைக் கழற்றிவிட்டுத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தேன்.

லேப் அட்டெண்டர் இருளப்பன் அதைப் பார்த்தார். "சார், பியூஸு போடலையா?"

"இது போதும்ப்பா."

"நீங்க சொன்னாச் சரி சார்."

2. விழா

இருளப்பன் பேரையூர்க்காரர். ஒன்பது வருடமாகத் தற்காலிக வேலை. அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு டைப் ஆகி, செயலாளரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. விழா முடிந்ததும் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்று இருளப்பன் சலவைச் சட்டையில் வந்தார். கையில் ஒரு தேங்காய், நாலு எலுமிச்சம்பழம்.

"புது வண்டி சார். தேங்கா உடைக்காம எடுக்கலாமா?"

"இது வண்டி இல்லப்பா, மாடல்."

"நாலு சக்கரம் இருக்குல்ல?"

இருளப்பன் சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஏரியலில் மாலை போட்டார். தேங்காயை ஓங்கி உடைத்ததில் கொஞ்சம் தண்ணீர் வண்டிமேல் தெறித்தது.

பட்டனை அழுத்தினேன். பழங்கள் நசுங்கின. வண்டி பாய்ந்தது. கைதட்டல். இடது பக்கம் திருப்பிவிட்டுப் பட்டனை விட்டேன். நிற்கவில்லை. ரிமோட்டின் பேட்டரியையே உருவினேன். அப்போதும் நிற்கவில்லை. திருப்பிய ஸ்டியரிங் அப்படியே இருக்க, வண்டி மைதானத்தில் வட்டமடித்தது.

மைக்கில் இருந்த கணக்கு ஆசிரியர், நான் எழுதிக் கொடுத்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் வாசித்தார்: "இவ்வாகனம் சொல்லுக்குக் கட்டுப்பட்டது."

"யோவ், நிறுத்துய்யா அத!" என்றார் பிரின்சிபால்.

"நிக்க மாட்டேங்குது சார்!"

"விரும்பிய இடத்தில் நிற்கும்" என்றது மைக்.

பி.டி. மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டு சைக்கிளில் துரத்தினார். "ஏய், நில்லு! நில்லுங்கறேன்ல!" வண்டியிடம்தான் சொன்னார்.

வட்டம் அகன்று முன்வரிசைக்கு வந்தது. செயலாளர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். வேட்டியின் நுனி ஏறவில்லை. வண்டியின் சக்கரச் செயின் அதைக் கவ்வியது. அடுத்த நொடி அவர் பட்டாப்பட்டி டிராயரோடு நின்றார். வேட்டி மாலையோடு சேர்ந்து மைதானத்தைச் சுற்றியது.

"இதன் பயன்கள் பல" என்றது மைக்.

பாதிச் சுற்றில் வேட்டி ஆக்ஸிலில் சுருண்டு வண்டி நின்றது. டைனமோ சுழல முடியாமல் முக்க, வயர் சிவந்து புகைந்தது. எல்லோரும் விலகி ஓடினோம். இருளப்பன் மட்டும் வண்டியை நோக்கி ஓடி, வெறுங்கையால் பேட்டரி வயரைப் பிடுங்கினார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

3. விசாரணை

லேப் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அளவு மீறிய கரண்டில் ஹார்ன் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டியிருந்தன. ஃபியூஸ் இருந்திருந்தால் வண்டி கிளம்பும்போதே அது போயிருக்கும். விழாவில் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பழுதான பொருளை ஆராயும் முன் எதையும் தொடாதே, இருப்பதை இருப்பதுபோல் எழுது என்று மாணவர்களுக்கு வருடா வருடம் சொன்னவன் நான். அன்று முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்தேன். செம்புக் கம்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் புது ஃபியூஸ் ஒன்றை மாட்டினேன்.

பிரின்சிபால் அறையில் இரவல் வேட்டியில் உட்கார்ந்திருந்த செயலாளர் கேட்டார்: "என்னய்யா ஆச்சு?"

"தேங்காத் தண்ணி உள்ள போயிருக்கு சார். ஷார்ட் ஆயிருச்சு."

"எவன் உடைச்சது?"

கையில் துணி சுற்றியபடி வாசலில் நின்ற இருளப்பன் முன்னால் வந்தார். "நாந்தேன் சார்."

செயலாளர் அந்த உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்தார். "திங்கக்கிழமையில இருந்து வராத." செம்புக் கம்பியைப் பற்றி இருளப்பன் ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். நான் சொன்னதை அவர் அப்படியே நம்பினார். லேபில் ஒன்பது வருடமும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

4. பஸ் ஸ்டாப்

சில ஆண்டுகள் கழித்துக் காளவாசல் பஸ் ஸ்டாப்பில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். இருளப்பன். லாரி செட்டில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார். மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஒட்டப் போகிறாளாம்.

"நல்லாருக்கீகளா சார்? ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். எம்புட்டு உழைச்சு அந்த வண்டியச் செஞ்சீக! கிறுக்குத்தனமாத் தேங்காய உடைச்சு நாந்தேன் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கிருங்க சார்."

அவர் கண் கலங்கியிருந்தது. பஸ் இன்னும் வரவில்லை. உண்மையைச் சொல்ல நேரம் தாராளமாக இருந்தது. இன்று இளைஞர்கள் என்னிடம் தொழிலில் கற்ற பாடம் என்னவென்று கேட்கிறார்கள். என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: பழி போட்ட அன்றைக்கே அதைத் திரும்ப எடுத்துவிடுங்கள். நாள் போனால் அதற்கான வாய் இருக்காது.

அவர் தோளைத் தட்டி, "பரவாயில்லப்பா, விடு" என்றேன்.

கும்பிட்டார்.