எங்கேஜ்டாக இருந்த போன்

தொண்ணூறுகளின் கடைசியில் தி.நகரில் ஒரு மாடி அறையில் நானும் நண்பனும் வெப்சைட் செய்துகொடுத்துவந்தோம். இருந்தது ஒரே கணினி. பக்கங்களை நான் நோட்பேடில் கையாலேயே எழுதுவேன். அவன் படங்களைச் சுருக்கி, எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றுவான். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, மயிலாப்பூரில் ஒரு மாமி நடத்திய பாட்டுப் பள்ளிக்கு. ஒவ்வொரு கீர்த்தனைக்கும் ஒரு பக்கம், கூடவே மாணவிகளின் படங்கள். ஆண்டு விழாவில் எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு.

விழாவுக்குச் சில நாள் முன்பு கணினியில் வைரஸ் புகுந்து, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்ய வேண்டியதாயிற்று. சர்வரில்தான் வெப்சைட் இருக்கிறதே என்று நான் கவலைப்படவில்லை. நண்பன் ஃப்ளாப்பியில் கிடந்த பழைய பக்கங்களைக் கணினியில் போட்டுவிட்டு, சர்வரிலிருந்து புதியவற்றை இறக்க உட்கார்ந்தான்.

"மச்சி, இங்க வாயேன்" என்றான். குரலே சரியில்லை.

"என்னடா ஆச்சு?"

"இறக்கறதுக்குப் பதிலா ஏத்திட்டேன்டா. பழசு போய் புதுசு மேல உக்காந்துக்கிச்சு."

பல வாரங்கள் உட்கார்ந்து அடித்த பக்கங்கள். அப்போதுதான் காலையில் மாமி பேசியது ஞாபகம் வந்தது. முந்தின நாள் எல்லாப் பக்கத்தையும் பார்த்ததாகச் சொல்லி, இரண்டு எழுத்துப் பிழைகளையும் சொல்லியிருந்தார். பார்த்த பக்கங்களின் நகலை பிரவுசர் கொஞ்ச நாள் தனக்குள் வைத்திருக்கும். ஆனால் மாமி மறுபடி அந்த வெப்சைட்டைத் திறந்தால் பழையது வந்து அந்த நகலும் போய்விடும்.

போன் செய்தேன். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு.

அப்போது இன்டர்நெட்டும் அதே போன் லைனில்தான். மாமி இன்டர்நெட்டுக்குள் போய்விட்டார் என்றே நினைத்தோம். கடையில் புது ஃப்ளாப்பிகள் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தோம். தேனாம்பேட்டை சிக்னலில் நிற்கும்போது அவன் திரும்பாமலே சொன்னான்: "நீ இன்னா வேணா திட்டு மச்சி. பேசாம மட்டும் வராத."

"மொதல்ல வண்டிய ஓட்டுடா."

மாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதில் வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் கணினி பூப்போட்ட உறைக்குள் மூடிக் கிடந்தது.

"பெங்களூர்லேருந்து தங்கை பேசறா. செத்த இருங்கோ" என்றவர், வைத்துவிட்டு வந்து எங்களைப் பார்த்தார். "ஏன் ரெண்டு பேரும் இப்படி வேர்த்துக் கொட்டிண்டு நிக்கறேள்?"

"மாமி, இன்னிக்கு இன்டர்நெட் போட்டீங்களா?"

"இல்லியே. நேத்திக்குப் பார்த்ததோட சரி."

நண்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

போன் வயரைப் பிடுங்கிவிட்டு, இணைப்பு இல்லாமலே பிரவுசரைத் திறந்தேன். முதல் பக்கம் வந்தது. அடுத்ததும் வந்தது. படங்கள்கூட அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாக ஃப்ளாப்பியில் ஏற்றினோம். வராதது ஒரே ஒரு பக்கம்தான். எங்களைப் பற்றி நான் பெருமையாக எழுதி வைத்திருந்த அதை மாமி திறந்தே பார்க்கவில்லை.

"அது வேணாம் மச்சி" என்றான் நண்பன். அன்று முதல் முறையாகச் சிரித்தேன்.

சாயங்காலமே எல்லாம் சர்வருக்குத் திரும்பிவிட்டது. அதற்கு முன் அவனே, நான் சொல்லாமலே, மொத்தத்தையும் தேதி போட்ட ஒரு தனி ஃபோல்டரில் நகலெடுத்து, ஃப்ளாப்பியில் இன்னொரு பிரதியும் எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எதையும் ஏற்றுவதற்கு முன் அப்படிச் செய்வது பிறகு எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது.

மதியம் சாப்பிடவே இல்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவு வந்தது. பாண்டி பஜாரில் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பொங்கலும் வடையும் சொல்லிவிட்டு, காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தோம்.