மூன்று மாத்திரையும் என் ஓரகத்தியின் செபமும்

உங்களுக்கு எதற்கு இதெல்லாம்? ஒருத்திக்கு நோய் வந்துவிடக்கூடாது, எப்படி வந்தது, எங்கே வலித்தது என்று கேட்க வந்துவிடுகிறீர்கள். இரண்டு வாரமாக இருமிக்கொண்டே இதைப் படிக்க உட்கார்ந்திருப்பவர் யாராவது இருந்தால், முதலில் எழுந்து போய் ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை இருந்தால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லும்போது என் பாவங்களோடு சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் கீரமங்கலம் பக்கம். முல்லைக் கொல்லையில் பூப்பறிப்பது என் வேலை. ஒரு நாள் விடிகாலையில் பறித்துக்கொண்டிருக்கும்போதே இருமல் பிடித்தது. மடியில் கட்டியிருந்த பூவெல்லாம் கொட்டிப்போகும் அளவுக்கு இருமினேன். அப்புறம் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. ரவிக்கை தொளதொளத்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் நடந்துகொண்டிருந்ததால், "நோம்பு இருக்கேன்ல, அதான் எளச்சுட்டேன்" என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். பக்தியில் இளைத்தவள் என்று நாலு பேர் நினைத்தால் எனக்குக் கசக்குமா?

கசக்காததற்குக் காரணம் சகாயம். என் கொழுந்தன் மனைவி, அடுத்த வீடு. கடையில் டீ வந்தால் சிலுவை போட்டுவிட்டுத்தான் குடிப்பாள். பஸ் கிளம்பினால் சிலுவை, இறங்கினால் சிலுவை. எந்த வீட்டில் யார் படுத்தாலும் கஞ்சித் தூக்குவாளியோடு போய் நிற்பாள், எந்தச் சாதி, எந்தச் சாமி என்று பார்க்க மாட்டாள். எங்கள் அன்பியத்துக்கு (பத்துப் பதினைந்து குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற குழு) அவள்தான் தலைவி. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்த்த வருடம், சாமியார் முதலில் கழுவியது அவள் காலைத்தான். நானும்தான் முந்தின நாள் குதிகாலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தேன். கூப்பிட ஆளில்லை.

நான் செபம் சொல்லாதவள் இல்லை. அடுப்படியில் முணுமுணுத்துக்கொள்வேன், அது புகைக்குத்தான் கேட்கும். அவள் கும்பிட்டால் ஊருக்கே தெரியும். கும்பிடும்போது அவள் முகம் வேறு அழகாகித் தொலைக்கும்.

கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்தின்போது நான் இருமிய இருமலைக் கேட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனதும் அவள்தான். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். வந்தது காசநோய் (நுரையீரலை அரிக்கிற கிருமி நோய், நம் ஆட்கள் டிபி என்பார்கள்). எடை முப்பத்தெட்டுக் கிலோ. தினம் மூன்று மாத்திரை, வெறும் வயிற்றில்.

டாக்டரம்மா சொன்னார்: "ஆறு மாசம், ஒரு நாள் விடக்கூடாது பாட்டி. நீங்க முழுங்குறத ஒருத்தர் பக்கத்துல இருந்து பாக்கணும். வீட்டுல யாரு இருக்கா?"

மருமகள் ஜெனிட்டா ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவள். நான் வாயைத் திறப்பதற்குள் சகாயம் முந்திக்கொண்டாள். "நான் பாத்துக்கிறேன் டாக்டர். அக்கா எனக்குப் பக்கத்து வீடுதான்."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பிழைத்தாலும் பெயர் அவளுக்குத்தான்.

இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூத்திரம் செங்காவி நிறத்தில் போகும். பயப்படாதீர்கள், அது மருந்தின் சாயம். குமட்டும், மூட்டு வலிக்கும், சோற்றைப் பார்த்தால் சண்டைக்காரியைப் பார்த்த மாதிரி இருக்கும். எல்லாம் தாங்கலாம். நான் தாங்காதது வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைப் பிரசங்கத்தில், "விசுவாசத்தைச் செயலில் காட்டுகிறவர் நம் பங்குக் கோயிலிலேயே இருக்கிறார், நோயாளிக்குத் தினமும் மருந்து கொடுக்கிறார்" என்று சாமியார் சொன்னார். கோயிலே திரும்பிச் சகாயத்தைப் பார்த்தது. நோயாளி நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாத்திரையை முழுங்குகிறவளை ஒருத்தரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து துப்ப ஆரம்பித்தேன்.

அது ரொம்பச் சுலபம். சகாயம் மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பாள். நான் வாயில் போட்டதும் கண்ணை மூடி எனக்காக ஒரு செபம் சொல்வாள். அவள் ஆமென் சொல்வதற்குள் மாத்திரை என் முந்தானைக்குள் போய்விடும். கண்ணைத் திறந்து, "முழுங்கிட்டீங்களாக்கா?" என்பாள். "ஓம் புண்ணியத்துல எறங்கிருச்சுடி" என்பேன். பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பின்னால் புதைத்துவிடுவேன். தினமும் இல்லை, அவளை யாராவது புகழ்ந்த நாளில் மட்டும். என்ன செய்வது, வாரத்தில் நாலு நாள் புகழ்ந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி சளி எடுத்தார்கள். கிருமி அப்படியே இருந்தது.

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "விட்டு விட்டுப் போட்டா கிருமி மருந்துக்குப் பழகிரும். அப்புறம் எந்த மாத்திரைக்கும் அடங்காது. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"பேத்தி இருக்கா. ஒன்ற வயசு" என்றேன். அவளை மார்மேல் போட்டுக்கொண்டுதான் தினமும் தூங்க வைக்கிறேன்.

"யாரு பக்கத்துல இருந்து பாத்தது?"

சகாயம் என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

"நான்தான் டாக்டர். சரியாக் கவனிக்கல. எந் தப்புதான்."

டாக்டரம்மா அவளைத் திட்டிய திட்டு வெளியே வரிசை வரைக்கும் கேட்டது. வரிசையில் எங்கள் தெரு ரோசம்மா நின்றிருந்தாள்.

பஸ்ஸில் சகாயம் சிலுவை போடவில்லை. ஆலங்குடி தாண்டியதும் கேட்டாள்: "எம்மேல கோவம்னா என்னைய வையிங்க, அடிங்க. உசுரையா துப்புவீங்க?"

"பாத்துட்டியா?"

"இன்னைக்குத்தான் புரியிது. கண்ண மூடித் தொலச்சேன்ல."

"அப்ப ஏன்டி ஒந் தலையில தூக்கிப் போட்டுக்கிட்ட?"

"பாத்துக்கிறேன்னு சொல்லிட்டுப் பாக்காம இருந்தது நான்தானே? இனிமே கண்ணத் தொறந்துக்கிட்டேதான் செபம் சொல்லப்போறேன். வாயையும் நல்லாத் தொறந்து காட்டணும், நாக்குக்கு அடியில சேத்து."

அப்படியே செய்தாள். முட்டைக்கண்ணை விரித்து என் தொண்டையைப் பார்த்துக்கொண்டே செபம் சொல்வாள். அப்படி ஒரு பயங்கரமான செபத்தை நான் கண்டதில்லை. ஒரு நாள்கூட விடாமல் முழுங்கினேன். கிருமி இன்னும் மருந்துக்குப் பழகவில்லை என்று அடுத்த பரிசோதனையில் தெரிந்தது. பேத்திக்கும் நோய் வராமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். அவள் முகம் சுளிக்காமல் சப்பினாள்.

நான் தேறிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஊர் வேறு வேலை பார்த்தது. ரோசம்மா வாய் சும்மா இருக்குமா? "கோயில்ல பேரு வாங்கத்தான் சேவை. சொந்த ஓரகத்திய மாத்திரை முழுங்குதான்னு பாக்கத் தெரியல." அன்பியத்தில் கூடிப் பேசி, தலைவி பொறுப்பை ரோசம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். சகாயம் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரம் எனக்குச் சோறு இனித்தது. இத்தனை வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தானே?

அதற்கப்புறம் ஒரு காலை அவள் மாத்திரையோடு வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வயிறு வரைக்கும், தோளுக்குத் தோள், அகலமாகச் சிலுவை போடுகிறவள், இப்போது முந்தானைக்குள் கட்டைவிரலால் நெஞ்சில் சின்னதாக ஒன்று கீறிக்கொண்டாள். யாரும் பார்க்கக்கூடாத காரியம் செய்கிற மாதிரி. டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாளாம். மேற்குத் தெருவில் படுத்துக்கிடக்கிற கிழவருக்கு ஒரு வாரமாகக் கஞ்சி போகவில்லையாம்.

எனக்கு மாத்திரை தொண்டையில் நின்றுவிட்டது. இந்தத் தடவை வேண்டுமென்று நிறுத்தவில்லை.

எட்டு மாதம் முடிந்து கிருமி இல்லை என்று சீட்டுக் கொடுத்தார்கள். எடை நாற்பத்தைந்து. இப்போது பூக்கொல்லையில் ஒரு வரிசை முடித்தால் நின்று மூச்சு வாங்கித்தான் அடுத்த வரிசைக்குப் போகிறேன். முன்பெல்லாம் மூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது அது உள்ளே போவதும் வருவதும், விருந்தாளி வந்துபோகிற மாதிரி தெரிகிறது. நாளும் முன்னைப்போல் ஓடுவதில்லை. மாத்திரை நின்ற பிறகும் காலை ஆறு மணிக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

அந்த வாரம் அன்பியம் எங்கள் வீட்டில். சகாயம் கடைசியில், செருப்பு கிடக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் குணமானதற்கு நன்றி சொல்லும்படி ரோசம்மா கேட்டாள். எழுந்தேன்.

"மாத்திரைய முழுங்காமத் துப்புனது நான். சகாயம் எனக்காகக் கண்ண மூடிச் செபம் சொன்னப்பதான் துப்புனேன். கல்லுக்குப் பின்னால தோண்டிப் பாருங்க, செவப்பாக் கெடக்கும். அவளுக்கு ஒங்ககிட்ட நல்ல பேரு, அது எனக்குப் பொறுக்கல. ஆஸ்பத்திரியில அவ வாங்குன திட்டு எனக்கு வரவேண்டியது. தலைவி பொறுப்ப அவகிட்டயே திருப்பிக் குடுங்க."

ரோசம்மாதான், "அப்ப இப்ப மனசு தெளிஞ்சிருச்சாக்கா?" என்றாள்.

"டிபி போயிருச்சுடி. பொறாம அப்படியேதான் இருக்கு. அதுக்கு மாத்திரை இருக்கான்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. இந்தா, இப்பப் பாரு, அழும்போதுகூட அவ எவ்வளவு அழகா இருக்கான்னு."