யார் ஓட்டினார்கள், எங்கே இடித்தது?

கார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை என்பது, வண்டியைப் பற்றி நாலு கேள்வி கேட்கப்போய் வீட்டைப் பற்றி நாற்பது விஷயம் தெரிந்துகொண்டு திரும்புகிற தொழில். யார் ஓட்டினது, கண்ணாடி போடுவாரா, எங்கே இடித்தது, அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை? கேள்வியெல்லாம் கம்பெனியுடையது, திட்டு மட்டும் எனக்கு. சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து, "உங்க கார் பாலிசி முடியப் போகுதுங்க" என்று முன்பின் தெரியாத குரல் போனில் சொல்ல, 'இவனுக்கு எப்படித் தெரிந்தது?' என்று நீங்கள் பல்லைக் கடித்ததுண்டா? அப்படியானால் நாமெல்லாம் ஒரே கட்சி. காஞ்சிபுரத்தில் தொண்ணூறுகளின் நடுவில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அப்போதிருந்து பட்டதில் கொஞ்சம் சொல்கிறேன்.

மாமியாருக்குத் தெரியக் கூடாது

வைஜயந்தி சின்ன காஞ்சிபுரத்தில் கணக்கு டீச்சர். கணவர் தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்விடுவார், கார் வீட்டு வாசலில் சும்மா நிற்கும். மாமியாருக்குத் தெரியாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவிட்டார். தனியாக ஓட்டிய முதல் நாளே, தேர்முட்டிச் சுவரில் இடது பக்கக் கதவை உரசிக்கொண்டு வந்து நின்றார்.

"அவர் ஓட்டினதா போட்டுடலாமே?" என்று என்னிடம் கெஞ்சினார். அந்த நேரத்தில் கணவர் சென்னை ஆபீசில் உட்கார்ந்திருந்தவர், எப்படிப் போடுவது? உண்மையை எழுதுவோம், கம்பெனியைத் தாண்டி வெளியே போகாது என்று தைரியம் சொன்னேன். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயரிடமும், "சார், மாமியார் எதிரில் மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்று இரண்டு தடவை சொல்லி வைத்தேன். மனிதர் கூடத்தில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "இதுல வைஜயந்தி யாருங்க? வண்டிய எப்படி வளைச்சீங்க, சொல்லுங்க" என்றார். காபி டம்ளரோடு மாமியார் அங்கேயே நின்றுவிட்டார். வைஜயந்தி தரையைப் பார்த்தார், நான் காலண்டரைப் பார்த்தேன்.

மாமியார் டம்ளரை வைத்துவிட்டு மருமகளிடம் சொன்னார்: "அப்போ வாலாஜாபாத்ல என் தங்கை ஆத்துக்குப் போறதுக்கு இனிமே அவனைக் கெஞ்ச வேண்டாமோன்னோ! இத்தனை நாளா ஏண்டி சொல்லலை?"

ஆரணி என்ற ஒரு வார்த்தை

பட்டுக்கடை குமரேசன் எப்போதும் சிரித்த முகம். கடையில் இருக்கிற ஒவ்வொரு சேலையும் இந்த ஊர்த் தறியில் இறங்கியது என்று போர்டே மாட்டியிருந்தார். ஒருநாள் அவர் காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. செவிலிமேட்டில் எருமை குறுக்கே வந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். சர்வேயரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் சொன்னேனே, அதே சர்வேயர்.

கடையில் கல்யாணப் பெண் வீட்டார் கூட்டமாக உட்கார்ந்து கூறைப்புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்வேயர் கணீரென்று கேட்டார்: "செவிலிமேட்டுல இடிச்ச வண்டி எதுக்குங்க ஆரணி ஒர்க்‌ஷாப்ல நிக்குது?" ஆரணி என்றதும் பெண்ணின் அத்தை சேலையிலிருந்து தலையைத் தூக்கினார். குமரேசன் எங்கள் இருவரையும் கிட்டத்தட்ட தள்ளிக்கொண்டே பின்கட்டுக்கு வந்துவிட்டார். கடைச்சரக்கில் பாதி ஆரணியிலிருந்து வருகிறது, சரக்கெடுக்கப் போன இடத்தில்தான் வண்டியும் இடித்தது என்கிற விஷயம் அங்கேதான் தெரிந்தது. "ஆரணியிலயும் நல்ல பட்டுதானே நெய்யுறாங்க, அதுல என்ன தப்பு?" என்றேன். "தப்பில்லம்மா, போர்டு வேற மாதிரி இருக்குதே" என்றார். இடித்த இடத்தைச் செய்யாறு என்று போட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் சர்வேயர்.

கிளெய்மே வேண்டாம் என்று கைகூப்பினார் குமரேசன்: "கார்ல பள்ளம் விழுந்தா தட்டி எடுத்துடலாம்மா. கடை பேர்ல விழுந்தா எந்தப் பட்டறையில போய் தட்டுறது?"

விஜயராஜ் வீடுங்களா?

தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வந்து, எல்லார் கையிலும் செல்போனும் வந்துவிட்ட காலம். ஜெயராஜின் அப்பா அம்மா வாலாஜாபாத் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவர் டிரைவராகி, சொந்தமாக ஒரு டூரிஸ்ட் கார் எடுத்தவர். என் ஆபீசுக்கு வந்தால் உட்கார்ந்து டீ குடிக்காமல் போக மாட்டார். அன்றைக்கு உட்காரவில்லை.

"எம் பொண்டாட்டி நம்பரு உங்ககிட்டதான் மேடம் குடுத்தேன். இன்னொருத்தன் கைக்கு எப்படிப் போச்சு?" என்றார். நடந்தது இதுதான். அவர் சவாரியோடு திருப்பதியில் இருந்தபோது, யாரோ அவர் மனைவி மேரிக்கு போன் செய்து, வண்டி நம்பரைச் சொல்லி, "இன்ஷூரன்ஸ்லேர்ந்து பேசுறோம், உங்க வீட்டுக்காரர் வண்டி விஷயமா..." என்று ஆரம்பித்திருக்கிறார்கள். மேரி அதற்கு மேல் கேட்கவில்லை. போனைப் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்தாரோடு அழுதுகொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். மலையிலிருந்து இறங்கி ஜெயராஜ் போன் செய்கிறவரை அந்தப் பெண்ணுக்கு உயிர் உயிராக இல்லை.

நான் சத்தியம் செய்தேன், அவர் முகம் மாறவில்லை. ஊரில் இந்தப் பேச்சு பரவினால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஜெயராஜையும் கூட்டிக்கொண்டு நேரே மேரியிடம் போய், போனில் வந்த ஆள் முதலில் என்ன கேட்டான் என்று விசாரித்தேன். "விஜயராஜ் வீடுங்களான்னு கேட்டான்கா. ஏதோ தப்பா சொல்றான்னு நெனச்சேன், அப்புறம் நம்ம வண்டி நம்பரையே சொல்றான்" என்றார். நான் ஜெயராஜைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அவர் பெயரை விஜயராஜ் என்று தப்பாக அடித்தது ஒரே இடம்தான், கார் வாங்கின ஷோரூம்! டெலிவரிக்குக் கூப்பிட என்று மனைவி நம்பரையும் அங்கே கொடுத்திருந்ததே அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அவர் காரிலேயே நேராக அங்கே போனோம். ஷோரூமில் டை கட்டிய பையன் ஒளிவுமறைவே இல்லாமல் சிரித்தான். "ஆமா மேடம், கேக்குற கம்பெனிக்கெல்லாம் கஸ்டமர் லிஸ்ட்ட சிடி போட்டுக் குடுப்போம். நீங்களும் இன்ஷூரன்ஸ்தானே, உங்களுக்கும் ஒண்ணு போடவா?" ஜெயராஜ் போட்ட சத்தத்தில் மேனேஜரே ஓடி வந்து, எங்கள் கண்ணெதிரே கம்ப்யூட்டரில் மேரியின் நம்பரை அழித்து மன்னிப்பும் கேட்டார். பெயரையும் திருத்திவிடுகிறேன் என்றார். அது மட்டும் வேண்டாம் என்று ஜெயராஜ் தடுத்துவிட்டார்.

திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தி, என் கையில் டீயைக் கொடுத்துவிட்டுக் காரணம் சொன்னார்: "சிடி போன எடத்துக்கெல்லாம் போயி அழிக்க முடியுமா மேடம்? இனிமே எவன் விஜயராஜ்னு கேட்டாலும் ராங் நம்பருன்னு வச்சிடு, ஜெயராஜ்னு கேட்டா மட்டும் பேசுன்னு மேரிகிட்ட சொல்லிடுவேன்."

பொட்டி சொன்னது

கடைசியாக இது. டிராவல்ஸ் வைத்திருந்த பாபு, கம்பெனி ஆபீசர் ஒருவர் சொன்ன யோசனையில், வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவியைத் தன் கார்களில் மாட்டினார். டிரைவர்களிடம் மூச்சு விடவில்லை. தஸ்தகீர் பாயின் வண்டி தினமும் மத்தியானம் பாலாற்றுப் பாலத்துப் பக்கம் ஒரு மணி நேரம் நிற்பதாகக் கருவி காட்டியது. டீசல் திருட்டேதான் என்று முடிவு கட்டி, சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால், மரத்தடியில் சீட்டைச் சாய்த்துப் போட்டு பாய் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

எழுந்து விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். பாபு என் பக்கம் திரும்பினார். பாய் ஓட்டிய வண்டிக்கு இதுவரை ஒரு கிளெய்ம்கூட வந்ததில்லை என்று நான் உள்ளதைச் சொன்னேன். பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்: "நான் தூங்குறத ஒங்க பொட்டி கரெக்டா காட்டுச்சு மொதலாளி, சரி. தூங்கி எழுந்து ஓட்டுறதாலதான் ஒருத்தரையும் இடிக்காம வந்துக்கினு இருக்கேன், அத எந்த எடத்துல காட்டுது?"

ஊரார் ரகசியத்தைக் கட்டிக் காத்தே தலை நரைத்துவிட்ட எனக்கு, நான் எப்போதோ விற்றுவிட்ட காரின் பாலிசி முடிகிற தேதியை ஞாபகப்படுத்தி இன்றைக்கும் யாரோ ஒருவர் சாப்பாட்டு வேளையில் போன் செய்துகொண்டுதான் இருக்கிறார்.