அப்பாவுக்குக் கொண்டுபோன புளூபெர்ரி

இந்த ஊரில் பழத்தை யாரும் பழமாகத் தின்பதில்லை. நான் வேலை பார்க்கும் நியூஜெர்சி அலுவலகத்தில் பக்கத்து மேசை கேத்தி, மதியமானால் ஒரு கை புளூபெர்ரியை மாத்திரைபோல் வாயில் போட்டுக்கொள்வாள். கேட்டால் "ஆன்டிஆக்ஸிடன்ட்" என்பாள். எங்கள் தொண்டாமுத்தூர் கொய்யாவைப் பற்றி ஒருநாள் சொன்னேன். "அது எதற்கு நல்லது?" என்றாள். "உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுக்கொள்ள நல்லது" என்றேன். ஏதோ பச்சிலை வைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள் போல, மரியாதையாகத் தலையாட்டினாள்.

அந்த வருஷம்தான் அப்பா நெஞ்சுவலி வந்து பிழைத்தார். தம்பி ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து சொன்னபோது முதலில் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது தன் மனைவி சாந்தி என்று அவன் சொன்னதும் பொறாமை வந்தது. பெற்ற மகள் நான். எனக்குச் சேதி மட்டுமா? விடுப்புப் போட்டு, உலர்ந்த புளூபெர்ரியைப் பெட்டி நிறைய அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்பாவைத் தேற்றியது மகள்தான் என்று ஒரு பேர் எனக்கும் வேண்டியிருந்தது.

"உடம்பு உள்ளுக்குள்ள துருப்பிடிக்காமப் பாத்துக்குமுங்கப்பா" என்று டப்பாவை நீட்டினேன்.

"துருப்பிடிக்கறதுக்கு நா என்ன கெணத்து மோட்டாரா?" என்று சிரித்தார். ஒன்றை மென்றுவிட்டு டப்பாவை மூடிவிட்டார். சாந்தி கொய்யாவை விதை நீக்கி நறுக்கி வந்தாள். "இன்னொரு துண்டு போடு கண்ணு" என்றார் அவளிடம். எங்கள் வீட்டில் கண்ணு என்றால் நான்தான்.

பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். புளூபெர்ரியில் இருக்கும் அந்தச் சத்து கொய்யாவிலும் நெல்லியிலும் தாராளமாக உண்டு, பழம் நல்லதுதான், ஆனால் இன்ன பழம் நெஞ்சுவலியைத் தடுக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நான் கடல்தாண்டிச் சுமந்தது கொல்லையிலேயே காய்த்துத் தொங்கியிருக்கிறது.

மறுநாள் காலை சாந்தி என் புளூபெர்ரியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆரு இப்படிக் கட்டச் சொன்னா?" என்றேன்.

"மாமாதானுங்க நங்கையா" என்றாள். நாத்தனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "வந்தவங்க கொண்டாந்தத நாமளே வெச்சுக்கறது நல்லாவா இருக்கும்? அக்கம்பக்கம் குடுத்துப்போட்டுத்தான் நம்ம வாயில வெக்கோணும்."

எனக்குத் தெரியாத வழக்கமில்லை. விருந்தாளிகள் கொண்டுவரும் ஆப்பிளைச் சின்ன வயதில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தான். வீட்டு மனுஷர் வாங்கி வந்ததை மட்டும் பங்கு வைக்க மாட்டோம். அப்பா அதை யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

கிளம்பும்போது சாந்தி என் கைப்பையில் எதையோ திணித்தாள். அமெரிக்காவில் இறங்கி, பழம் கொண்டுவரக் கூடாது என்ற பலகையைப் பார்த்ததும்தான் பிரித்தேன். இரண்டு கொய்யா. கூடவே ஒரு பொட்டலத்தில் உப்பும் மிளகாய்ப்பொடியும். எனக்குப் பிடித்த பக்குவத்தை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்? அப்பாவாகத்தான் இருக்கும். அதையும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார்.

சுங்க வரிசைக்கு இந்தப் பக்கம் ஒதுங்கி நின்று இரண்டையும் தின்றேன். ருசியாக இருந்தது. அதுவும் பொறுக்கவில்லை.

"ஊரிலிருந்து பழம் ஏதாவது கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லை" என்றேன். உதட்டில் மிளகாய் எரிந்துகொண்டிருந்தது.