தமிழ் பேசப் போன சனிக்கிழமைகள்

சிட்னியில் எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் நடத்திப் பழகியது. இரண்டு வருடங்களுக்கு முன் தலைவர் ஒரு புதிய யோசனை கொண்டுவந்தார். முதியோர் இல்லங்களில் இருக்கும் நம்மவர்கள் சிலருக்கு மறதி நோய் முற்றியதும் ஆங்கிலம் போய்விடுகிறது, தமிழ் மட்டும்தான் மிஞ்சுகிறது, பேச ஆளில்லாமல் கிடக்கிறார்கள் என்றார். வாரம் ஒருமுறை போய்ப் பேச யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் நான் கை தூக்கினேன். வீட்டில் என் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலம். தமிழ் பேச எனக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மெரிலேண்ட்ஸில் ஓர் இல்லத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வணக்கம் அங்கிள், நல்லா இருக்கீங்களா?" என்றேன். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "ஓம் சேர், இருங்கோ சேர்" என்றார். 'சார்' என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கேட்டதற்கெல்லாம் ஒவ்வொரு வார்த்தையில் பதில் சொன்னார். மரியாதை தெரிந்த மனிதர் என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தேன். முதல் நாளே நன்றாகப் பேசினார் என்று தலைவருக்குத் தகவல் அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை என்னை மறந்துவிட்டிருந்தார். சுவரில் அவர் மகளும் ஓர் இளைஞனும் இருக்கும் படம் மாட்டியிருந்தது. பேச்சை வளர்க்கலாமென்று, "பையன் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. சட்டைப்பையைத் துழாவி ஓய்வூதிய அட்டையை எடுத்து இரண்டு கைகளாலும் என் முன் நீட்டினார். "வீட்டில பெடியங்கள் ஒருத்தரும் இல்லை சேர்" என்றார். வேண்டாம், உள்ளே வையுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல அட்டையை இன்னும் அருகே நீட்டினார்.

அந்த நேரம் மகள் வந்தார். அட்டையை மெல்ல வாங்கி வைத்துவிட்டு, "அப்பா, இவர் எங்கட ஆள். சங்கத்தில இருந்து வந்தவர்" என்றார். பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இல்லைப் பிள்ளை. இவற்றை கதையைக் கேள்."

என் கதையை, அதாவது நான் பேசும் விதத்தை.

நடைவழியில் நின்று மகள் விளக்கினார். போர்க்காலத்தில் ஒருநாள் இந்தியப் படையினர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்க வந்தவர் என்னைப் போலவே தமிழ்நாட்டுத் தமிழ் பேசினாராம். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், பயப்படாதீர்கள் என்று இதே தமிழில் சொல்லி அண்ணனைக் கூட்டிப் போனார்களாம். "அண்ணா திரும்பி வந்தவர்தான். ஆனா பழைய ஆள் இல்லை. இப்ப கனடாவில இருக்கிறார், அப்பாவோட கதைக்கிறேல்லை" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "உங்களில பிழை இல்லை அண்ணா. இங்கிலீஷ் இருக்குமட்டும் அப்பா இதெல்லாம் சொன்னதேயில்லை."

காரில் தனியே போகும்போது அவர்களைப் போல 'ஓம்', 'வாறன்', 'போட்டு வாறன்' என்று சொல்லிப் பார்த்தேன். நாடக வசனம் போல இருந்தது. வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

செயற்குழுவில் நடந்ததைச் சொன்னபோது தலைவருக்குப் பிடிக்கவில்லை. தமிழில் என்ன அந்தத் தமிழ் இந்தத் தமிழ், அதையெல்லாம் தாண்டத்தானே சங்கம் என்றார். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் குழுவில் இருந்தார். "அவருக்கு வித்தியாசம் தெரியுதுதானே" என்று மட்டும் சொன்னார். அந்த வாரத்திலிருந்து அவரே போகத் தொடங்கினார்.

சில மாதங்கள் கழித்து அன்ரிக்கு உடம்பு சரியில்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக் கொடுத்து, வைத்துவிட்டு மட்டும் வந்துவிடச் சொன்னார். அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் பெட்டியைத் திறந்து வைத்தேன். பெரியவர் வாசனை பிடித்துச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்து, "தம்பி தமிழோ?" என்றார்.

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே பேசினார். எனக்கு விளங்காது என்ற தைரியத்தில், யாரிடமும் சொல்லாததைச் சுவரிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"அவன் குசினிக்குள்ளதான் ஒளிச்சு நிண்டவன். அவங்கள் போகத்தான் வெளிக்கிட்டவங்கள். அந்தாள் தமிழில சொன்னதெண்டு நம்பி, வெளியில வா மோனை எண்டு நான்தான் கூப்பிட்டனான்."

பிறகு புட்டைக் கொஞ்சம் ஓரமாக ஒதுக்கி, எடு என்று எனக்குக் கைகாட்டினார். எடுத்துச் சாப்பிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். செத்தவீட்டில் எங்கள் சங்கத்தார் தேவாரம் பாடினார்கள். மகள் என் பக்கத்தில் வந்து நின்றார். கனடாவிலிருந்து அண்ணன் வரவில்லை, அப்பாவோடு அவருக்கு என்ன கோபமென்று கடைசிவரை தெரியவில்லை என்றார். எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பது தெரியவில்லை. நான் சொல்லவில்லை.